ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி

"இன்னும் கொஞ்சம் இடத்தோட்டு, இடப்பக்கம். போதும் சேட்டா. நிறுத்துங்க."

நாணு கைப்பிடியை விட்டார். சுழல்மேடை ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. மேடையின் நடுவே, பித்தளைக் குழாய் ஒன்றின் வாயிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கடைந்த மெழுகுவர்த்தி மாதிரி நுனி சிறுத்து, அக்கரையைப் பார்த்து நின்றது. நைனா முகம்மது மீட்டரின் மேல் குனிந்தான். முள் எழும்பவில்லை. விரலால் தட்டிப் பார்த்தான். லேசாக நடுங்கி, கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்கின் மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைத் துண்டு ஆடியது. அலை அனுப்பும் பெட்டியின் அலைவரிசையை இன்னும் ஒரு படி மேலே ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தம். துண்டை ஆட்டியவன் ரஷீது, நைனாவின் மனைவியுடைய தம்பி. கிடங்கில் எழுத்துவேலை பார்ப்பவன்.

முள் இன்னும் இறங்கியது.

"ஒண்ணுமில்ல," என்றான் நைனா.

"முழுக்கப் போயோ?"

"அலைவரிசையோட மேல்முனை மட்டும். கீழ்முனை நல்லா இருக்கு. நடுவுல நல்லா இருக்கு. மேலே போகப் போகச் செத்துப் போவுது."

நாணு தண்டைப் பார்த்தார். அவர் கடைந்த தண்டு. கையால் தொடாமல், காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குடையை முன்னால் ஊன்றிக்கொண்டு வைத்தீஸ்வரன் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். அந்தச் சோதனைச்சாலையில் ராடார்ப் பிரிவு அவருடையது. பாலக்காட்டுக்காரர், திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் பாக்கி.

"எப்படிடா இருக்கு உன் ரெண்டாவது பிள்ளை?"

"மேல்முனை எடுக்கல சார்."

"மூத்தது எடுத்துதே."

"எடுத்துது."

"மூணு வெள்ளிக்கிழமை பாத்தோம். மூணு தடவையும் ஒரே மாதிரி எடுத்துதோன்னோ?"

"ஆமா சார்."

வைத்தீஸ்வரன் நாணுவின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்.

"அதே டூலாக்கும் சாரே," என்றார் நாணு. "அதே அச்சு. சோப்புவெள்ளம் விட்டுத்தான் கடைஞ்ஞது. கை விறச்சிட்டில்ல, நடுங்கலை."

"உன் கைக்கு வயசாச்சு நாணு. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியலை."

"சாரோட கைக்கும் அதே வயசல்லே?"

"என் கை கையெழுத்துப் போடறது. தண்டு கடையறதில்லை."

நைனாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லை. அந்தத் தண்டுக்கான பாலிஸ்டைரீன் கட்டைகள் கப்பலில் வந்தவை. வருஷக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருந்து வாங்கிய கட்டைகள் இரண்டே இரண்டு. முதலாவது தண்டாகி, துறைமுகம் கடலில் திறக்கும் அழிமுகத்துத் தூணில் ஏறிவிட்டது. இரண்டாவது இதோ இங்கே நின்றது.

"திங்கக்கிழமை பேசலாம்," என்று நாணுவிடம் சொல்லிவிட்டு வைத்தீஸ்வரன் இறங்கிப் போனார்.

நாணு நாள்கூலி. நாள்கூலிக்காரனிடம் மூன்று நாள் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பேசுவது எதைப் பற்றி என்று அவருக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும். இருவரும் தண்டைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள்.

நைனா முகம்மது பிறந்தது மட்டாஞ்சேரியில், கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில். வாப்பா சுக்கும் மிளகும் தரகு பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். எழுதுவதென்றால் நைனாவுக்கு மலையாளம்தான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். எறணாகுளத்தில் பௌதிகம் படித்தான். தரகுக்கு வருவான் என்று வாப்பா எதிர்பார்த்திருக்க, ஐம்பத்துமூன்றாம் வருஷம் எதிரே தெரியும் ஐலண்டில், சோதனைச்சாலையில், உதவியாளனாகச் சேர்ந்தான். போட்டில் ஏறினால் ஒரு பீடி தீருமுன் போய்ச் சேரும் தூரம். ஆனாலும் வாப்பா, மகன் வெளியூரில் இருக்கிறான் என்றுதான் எல்லாரிடமும் சொன்னார்.

அங்கே வேலை என்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் கருவிகளை அவிழ்த்து மாட்டுவது. கப்பலின் ராடார் கெட்டால் வரும், சரியாகிப் போகும். புதிதாக எதையும் யாரும் செய்வதில்லை. வைத்தீஸ்வரன்தான் ஒரு நாள் சாயா குடிக்கும்போது அழிமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். மழைக்காலத்தில் வரும் கப்பலுக்குத் துறைமுகத்தின் வாய் தெரியாது. அங்கே ஒரு தூண் நட்டு அதில் ஒரு பெட்டி வைத்தால், கப்பலின் ராடார் அலை பட்டவுடன் பெட்டி விழித்துப் பதில் சொல்லும். கப்பலின் திரையில் ஒரு கோடு தெரியும். இதுதான் வாய், இங்கே வா. பீக்கன் என்ற அந்தப் பெட்டியைச் செய்துவிடலாம். காதுதான் பிரச்சினை. ஒவ்வொரு கப்பலின் ராடாரும் கொஞ்சம் கொஞ்சம் வேறு அலைவரிசையில் பேசும். எல்லாவற்றையும் ஒன்றுபோல் கேட்கும் காது வேண்டும். வாய் விரிந்த பித்தளைக் கொம்பு வைத்தால் எல்லாம் கேட்கும்தான். ஆனால் அந்த வாய்க்குள் மழையும் உப்பும் புகும். காற்று பிடித்து ஆட்டும்.

"தண்டு வைக்கலாம் சார்," என்றான் நைனா. அதை அவன் ஒரு பழைய சஞ்சிகையில் படித்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை தண்டாகிவிட்டது. அலை குழாயைவிட்டு வெளியே வந்ததும் தண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். பாதி தண்டுக்குள்ளே, பாதி வெளியே காற்றில். தண்டு சிறுக்கச் சிறுக்கப் பிடி தளரும். நுனிக்கு வரும்போது முழுவதும் விட்டுவிட்டு நேரே போகும். கேட்பதும் அதே பாதையில்தான், எதிர்த்திசையில். எங்கே எவ்வளவு சிறுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலைவரிசையின் மேல்முனையிலுள்ள குட்டை அலைக்குத் தண்டு தடிமனாகப் படும். பிடித்த பிடி விடாது. நீண்ட அலைக்கு மெலிந்ததாகப் படும், சீக்கிரமே கைவிட்டுவிடும். நைனாவுக்கு எல்லா அலைக்கும் ஒரே தண்டு வேண்டும்.

முதலில் மெழுகில் வார்த்தான். வெயில் ஏறியதும் நுனி தலையைத் தொங்கப் போட்டது. "புதுப்பெண்ணைப் போலே நாணிக்குன்னு சாரே," என்று நாணு சிரித்தார். பிறகு கெட்டி ரப்பரான எபோனைட். அது அலையைத் தின்று சூடாயிற்று. பாலிஸ்டைரீன் வந்த பிறகுதான் வேலை வேலையாயிற்று. சரிவை மெதுவாக்கி, நுனியிலிருந்து உள்பக்கமாகக் கூம்பு வடிவத்தில் ஒரு துளையும் போட்டால் குட்டை அலையும் பிடியைத் தளர்த்தும் என்று கணக்குச் சொன்னது. மனைவி பத்ருன்னிசா சாப்பிடக் கூப்பிட்டால், அவன் பப்படத்தைச் சுருட்டிக் கூம்பாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அளப்பதற்குத் தூரம் வேண்டும். சோதனைச்சாலையின் மாடியிலிருந்து கால்வாயைத் தாண்டிப் பார்த்தால் நேரே தெரிவது பத்ருன்னிசாவின் தாய்மாமனுடைய கிடங்கு. அவர் மாடியைத் தந்தார். மற்ற நாளெல்லாம் ஜன்னலுக்கு முன்னால் சாக்குத் தூக்கும் கயிறு ஏறி இறங்கும். வெள்ளிக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. அலை அனுப்பும் பெட்டி சோதனைச்சாலையில் ஒன்றுதான் இருந்தது. அதை இன்னொரு பிரிவும் கேட்டது. ஆகவே ஒரு வெள்ளி அவர்களுக்கு, ஒரு வெள்ளி நைனாவுக்கு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, நிழல் சாயும்வரை அளப்பது.

தண்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அந்தப் பித்தளைக் கொம்புதான் அளவுகோல். முறைப்படி, ஒவ்வொரு தடவையும் முதலில் கொம்பை மாட்டி அளக்க வேண்டும், பிறகு தண்டு. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை முற்பகலில், கிடங்குக்காரர்களிடம் கயிற்றை நிறுத்தச் சொல்லி, கொம்பை ஒரே ஒரு தடவை அளந்தார்கள். அதற்குப் பிறகு கொம்பு அலமாரிக்குப் போயிற்று. அதை மாட்டி நேர்ப்படுத்த ஒரு மணி நேரமாகும். முதல் வெள்ளிக்கிழமை மாட்டவில்லை. அடுத்த இரண்டும் நோன்பு மாதத்தில் வந்தன. எச்சில் வறண்டு, நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் கொம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எதற்கு? மூன்று வெள்ளியும் தண்டு அலைவரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொம்புக்குச் சமமாக நின்றது. மூன்று தடவையும் ஒரே விடை.

நான்காவது வெள்ளி பெருநாளாகிவிட்டது. அளப்பது ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. அதற்குள் முதல் தண்டு அழிமுகத்துக்குப் போய்விட்டது. இரண்டாவதை, மாற்றுக்கு இருக்கட்டும் என்று, அதே அச்சில் நாணு கடைந்து முடித்திருந்தார்.

சனிக்கிழமை அரைநாள். நைனா மதியப் போட்டில் திரும்பினான். மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட்டு அணைந்தபோது, கரை தலைக்கு மேலே இருந்தது. படிகள் வெளியே தெரிந்தன. பச்சைப் பாசி. முன்னால் போன மீன்காரி கூடையை மேலே எறிந்துவிட்டுக் கையூன்றி ஏறினாள். நைனா இரண்டாவது படியில் வழுக்கி, முழங்கால் ஊன்றி விழுந்தான்.

"ஓய், நோம்பு கழிஞ்சிட்டும் தலசுத்தோ?" என்று போட்டுக்காரன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நைனா எழுந்திருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே கால்சட்டை பச்சையாகியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தான். நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பிறகு, இந்த ஜெட்டியில் அவன் குனியாமல் நிமிராமல் போட்டுக்குள் கால் வைத்திருக்கிறான். கரையும் போட்டும் ஒரே மட்டம். தாகத்தோடு நடந்தவனுக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றியதுகூட நினைவிருந்தது. நேற்று அப்படி இல்லை. நேற்றும் இறங்கித்தான் ஏறினான்.

பிறை கண்டு சில நாள் கழிந்தால் மத்தியானத் தொழுகைக்குப் பின் தண்ணீர் படி மூடும். நிலா முழுதாகிச் சில நாள் கழிந்தாலும் மூடும். நடுவிலுள்ள வாரத்தில் அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். மட்டாஞ்சேரியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். நைனா அந்த மாதம் முழுவதும் பிறையை எண்ணியிருக்கிறான். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அளந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஏறியிருந்தது. பெருநாள் வந்து அந்த வரிசையை ஒரு வாரம் தள்ளிவிட்டது.

கிடங்கு ஜன்னலிலிருந்து புறப்படும் அலை தண்டுக்கு நேரே வரும். இன்னொரு பங்கு கீழே இறங்கி, கால்வாய்த் தண்ணீரில் பட்டு, எம்பி வரும். இரண்டும் சேர்ந்தால் முள் எழும்பும். ஒன்றையொன்று வெட்டினால் படுக்கும். எது நடக்கும் என்பதைத் தண்ணீரின் உயரம்தான் முடிவு செய்யும். கொம்பை அளந்த அந்தத் திங்கட்கிழமை தண்ணீர் எங்கே இருந்தது? முற்பகல், அன்று ஜெட்டியில் யாரோ ஏணி கேட்டுச் சத்தம் போட்டார்கள். வற்றம். தண்டை அளந்ததெல்லாம் ஏற்றம். மேல்முனையில் தண்டு கேட்கவே இல்லை. தண்ணீர் கொடுத்ததை அவன் தண்டின் பேரில் எழுதியிருக்கிறான்.

வீட்டில் பத்ருன்னிசா கால்சட்டையை வாங்கிக் கல்லில் போட்டுத் தேய்த்தாள்.

"பாசி போவாது. எங்க போயி விழுந்தீங்க?"

"ஜெட்டியில."

"பொறந்த நாள்ல இருந்து ஏறி எறங்குற ஜெட்டியில?"

"ஆமா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னான். தண்டைப் பற்றி அவள் கேட்டுக்கேட்டுப் பழகியிருந்ததால் சுருக்கமாகச் சொன்னாலே போதுமாயிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்ப நாணு சேட்டன் ஒண்ணும் செய்யல," என்றாள்.

"ஒண்ணும் செய்யல."

"நீங்கதான்."

"நான்தான்."

"சொன்னா உங்க தண்டு போவும்."

"போவும்."

"சொல்லாட்டி அந்த மனுஷன் போவாரு." கால்சட்டையைப் பிழிந்தாள். "இதுல ராத்திரி பூரா உக்காந்து யோசிக்க என்ன இருக்கு? சோறு ஆறுது, வாங்க."

ஆனாலும் அவன் யோசித்தான். தான் நினைப்பது தவறாக இருக்கலாம் என்ற ஒரு வழி இன்னும் திறந்திருந்தது. நாணுவின் கை உண்மையிலேயே நடுங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தான். நினைத்த பிறகு அவனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் வைத்தீஸ்வரனிடம் போய், நாணுவிடம் பேசுவதை மாலைவரை தள்ளிவைக்கக் கேட்டான். அலை அனுப்பும் பெட்டியும் வேண்டும் என்றான். மற்றப் பிரிவிடம் கெஞ்சியாகிவிட்டது.

"எதுக்குடா?"

"கொம்பை அளக்கணும் சார்."

"அளந்தாச்சே."

"மறுபடியும்."

வைத்தீஸ்வரன் அவன் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும்," என்றார்.

அன்று முற்பகலில் தண்ணீர் ஏறியிருந்தது. நைனாவும் நாணுவும் கொம்பை மாட்டினார்கள். நேர்ப்படுத்த ஒரு மணி நேரமாயிற்று. அக்கரையில் சாக்குக் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. ரஷீது மாமனிடம் கேட்டு அதை நிறுத்தினான். சுமட்டுக்காரர்கள் சந்தோஷமாகக் கீழே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். துண்டு ஆடியது. நைனா முள்ளைப் படித்தான். மேல்முனையில் கொம்புக்கு முள் விர்ரென்று எழுந்து நின்றது. பிப்ரவரியில் அந்த இடத்தில் அது இப்படி எழுந்ததே இல்லை. அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கொம்பைக் கழற்றித் தண்டை மாட்டினான். அளந்தான். பிறகு தண்ணீர் வற்றக் காத்திருந்தான்.

நாணு சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். மரவள்ளிக் கப்பையும் மீனும். மூடியில் பாதியை வைத்து நீட்டினார்.

"ஒரு காரியம் கேட்டால் சத்தியம் பறையுமோ சாரே?"

"கேளுங்க."

"என் கையில தப்போ?"

"சாயங்காலம் சொல்றேன் சேட்டா."

"சாயங்காலத்துக்கு என்ன, கை வேறயாகுமோ?"

நைனா கப்பையை வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றரைக்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்தது. கால்வாயில் போன வள்ளத்தின் கூரை காலையைவிடத் தாழ்ந்து தெரிந்தது. மறுபடி கொம்பு, மறுபடி தண்டு. கொம்புக்கு மேல்முனையில் முள் இறங்கி, பிப்ரவரியில் நின்ற இடத்தில் வந்து நின்றது. தண்டுக்கும் அதே அளவுக்கு இறங்கியது. ஏற்றத்தில் ஒப்பிட்டாலும் வற்றத்தில் ஒப்பிட்டாலும், மேல்முனையில் கொம்பு கேட்பதில் கால்பங்குகூடத் தண்டு கேட்கவில்லை. கூம்புத் துளை போதவில்லை. குட்டை அலை பிடியை விடவே இல்லை.

"சேட்டா," என்றான் நைனா. "உங்க கையில தப்பில்ல. ரெண்டு தண்டும் ஒண்ணுதான். அப்படியே கடைஞ்சிருக்கீங்க."

"அப்போள் மூத்தது?"

"அதுவும் இப்படித்தான்."

நாணு சுழல்மேடையைப் பிடித்தபடி நின்றார். சந்தோஷப்படுவார் என்று நைனா எதிர்பார்த்தான். அவர் அழிமுகம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"இடவப்பாதிக்கு இனி எத்ர நாளு உண்டு?" என்று கேட்டார். மழைக்காலத்தைக் கேட்டார்.

வைத்தீஸ்வரன் தன் அறையில் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அரைக்கதவுக்குக் கீழே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாணுவின் கால்கள் தெரிந்தன.

"மூத்தது தூண்ல ஏறியாச்சு," என்றார். "டெல்லிக்கு எழுதியாச்சு. பாக்க வரப்போறா. நோக்குத் தெரியுமா, முப்பது வருஷமா திருகாணி அவுத்து மாட்டியிருக்கேன். இது இங்க பண்ணினதாக்கும்னு சொல்லிக்க எனக்கு அந்தத் தண்டு ஒண்ணுதான் இருக்கு."

"எனக்கும் அதுதான் சார்."

"நீ சின்னவன்."

நைனா நின்றுகொண்டிருந்தான்.

"கடல்லயும் தண்ணி ஏறறது, எறங்கறது," என்றார் வைத்தீஸ்வரன். "ஏறினப்போ கேக்கும். எல்லாக் கப்பலும் மேல்முனையிலயா பேசறது? முக்காவாசிக் கப்பலுக்குக் கேக்கும்."

"கேக்காத கப்பல்காரன் என்ன நினைப்பான் சார்? கோடு தெரியல, இன்னும் வாய் வரலன்னுதான் நினைப்பான். பீக்கன் இல்லவே இல்லன்னா மெதுவா வருவான். இருக்குன்னு நம்பித்தான் வேகமா வருவான்."

வைத்தீஸ்வரன் மேசையில் கண்ணாடியை வைத்தார், மறுபடி எடுத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் சரி பண்ணு. சத்தமில்லாம மாத்திடலாம். இப்போதைக்கு, ரெண்டாவதை நாணு கெடுத்துட்டான்னு இருக்கட்டும். அவனுக்கு லேத் எங்க வேணா கெடைக்கும். போட்டுப் பட்டறைக்காரன் கொத்திண்டு போவான். நமக்கு இன்னொரு கட்டை கெடைக்காது, கேட்டயா."

அரைக்கதவின் கீழே கால்கள் அசைந்தன. நாணுவுக்குத் தமிழ் புரியும்.

"நீங்க துறைமுகத்துக்குப் போன் பண்ணுங்க சார். பண்ணலன்னா நான் நேர்ல போயிச் சொல்லுவேன்."

"மிரட்டறயாடா?"

"இல்ல சார். எங்க போவேன்னு சொன்னேன்."

வைத்தீஸ்வரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றியது. கோபம் வந்து, அது போயும்விட்டது என்று நைனா நினைத்தான். அவர் பேசியபோது குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"கொம்பை ஏன் மாட்டலைன்னு கேப்பா. என்ன சொல்லட்டும்? நோம்பு, பாவம், பட்டினி, முடியலைன்னு சொல்றேன். கேக்கறவாளுக்கும் ஒத்துக்கும். உன் உத்யோகம் ஒருவேளை பொழைக்கும்."

"நோம்பு மேல போட வேண்டாம் சார்."

"பின்னே?"

"முத வெள்ளிக்கிழமை நோம்பில்ல. அன்னைக்கும் மாட்டல. முள் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் எழும்பி நின்னுது. அதைப் பாத்ததும் கொம்பை மாட்டத் தோணல. சந்தோஷம் சார். அதுதான் காரணம். அதையே சொல்லுங்க."

வைத்தீஸ்வரன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அன்று அவரும் மாடியில் இருந்தார். முள் எழும்பியதும் முதலில் கைதட்டியது அவர்தான். இரண்டு பேருக்கும் அது நினைவு வந்தது. அவர் போனைத் தன்பக்கம் இழுத்தார்.

நைனா வெளியே வந்தான். நாணு எழுந்து நின்றார். சோற்றுப் பாத்திரம் கையில் இருந்தது.

"நாளைக்கு வேலைக்கு வாங்க சேட்டா."

"சாரோ?"

"நானும் வருவேன். என்ன வேலைன்னு தெரியாது."

நாணு தலையை ஆட்டினார். இருவரும் படகுத்துறைவரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே நாணு எறணாகுளம் போட்டுக்கும், நைனா மட்டாஞ்சேரி போட்டுக்கும் பிரிந்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குத் துறைமுகத்தின் படகு அழிமுகத்துக்குப் போனது. தூணிலிருந்து தண்டைக் கழற்றினார்கள். பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இந்த மழைக்காலத்தில் பீக்கன் இயங்காது என்று கப்பல்களுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. தண்டு மதியம் சாக்கில் சுற்றிச் சோதனைச்சாலைக்கு வந்தது. இரண்டாவது தண்டோடு சேர்த்து அலமாரியில் வைத்தார்கள். வைத்தீஸ்வரன் வந்திருந்தார், அறையைவிட்டு வெளியே வரவில்லை. நாணுவுக்கு ஒரு இழுவைப்படகின் அச்சுக்குப் புஷ் வளையம் கடையக் கொடுத்தார்கள். நைனாவை ராடார்ப் பிரிவிலிருந்து எடுத்து, கீழே பழுதுபார்க்கும் அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஒரு கப்பலின் ரேடியோ வந்திருந்தது. இரண்டு வால்வுகள் போயிருந்தன. மாற்றினான். மழை இல்லை. ஐந்தரைப் போட்டில் வீட்டுக்குப் போனான்.